பாட்டுக் கட்டும் பிள்ளைக்கு எந்தத் திரை ஏற்றது?



நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. திருவிழா என்றால் உறுமி மேளம், பஜனை என்றால் ஆர்மோனியப் பெட்டி, கல்யாண வீடு என்றால் மைக்கைப் பிடித்துப் பாட நாலு பேர் என்று வளர்ந்தவர்கள் நாம். இன்று அந்த உறவு கணினிக்குள் குடியேறியிருக்கிறது. பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய் வந்த பிள்ளை, இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தால், அவன் வீணாகப் பொழுதைக் கழிக்கிறான் என்று எண்ணிவிடாதீர்கள். அவன் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கலாம். 2006ஆம் ஆண்டில் நம் நாட்டு யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு கடல் கடந்து தமிழ்நாட்டு இளைஞர்களிடமும் போய்ச் சேர்ந்ததை மறந்துவிட முடியுமா?

ஆனால், ஆசை இருந்தால் மட்டும் போதாது. கருவியைத் தேர்ந்து வாங்கத் தெரிய வேண்டும். தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், கண்ணும் நோகும், ஆசையும் வாடிப்போகும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

அம்மாவின் சீட்டுப் பணம்

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன். இப்போது பத்தொன்பது வயது. பட்டணத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. தந்தை செம்பனைப் பழம் வெட்டுபவர். தாய் உதிரிப் பழம் பொறுக்குபவர். ஒரு மாலைப் பொழுதில் அந்தத் தந்தை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரையா, பையனுக்குக் கண்ணு போச்சு போல இருக்கு. புதுசா ஒரு பெரிய திரை வாங்கி வச்சிருக்கான். அதுக்குள்ளேயே மூஞ்சிய விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். தலை வலிக்குது, கழுத்து வலிக்குதுங்கிறான். வித்துடுடான்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனேன். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு பாடல் செய்து தருவதாகக் கோயில் கமிட்டியிடம் பையன் ஒப்புக்கொண்டிருந்தான். திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மேசை மேல் 27 அங்குலத் திரை. '4கே' என்று அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். "எண்ணு பெரிசா இருந்தா எல்லாமே நல்லா இருக்கும், மியூசிக்குக்கு இதுதான் சரி" என்று பட்டணத்துக் கடை ஒன்றில் சொல்லியிருக்கிறார்கள். நம்பி வாங்கிவிட்டான். பணம், அவன் அம்மா பத்து மாதம் கட்டிய சீட்டு.

"சார், இந்தக் குமிழைப் பிடிச்சு இழுத்தா உறுமிச் சத்தம் கூடும்" என்று காட்டினான்.

"எங்கேயப்பா குமிழ்?" என்று கேட்டேன். நாற்பதைக் கடந்த எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடியை மாட்டியும் அந்தக் குமிழ் எனக்குக் கடுகு போலத்தான் தெரிந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. பையனின் கண்ணில் கோளாறு இல்லை. திரையைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோளாறு.

புள்ளிக் கோலம் தெரிந்தவர்களுக்கு இது எளிது

'ரெசலூஷன்' என்று கடையில் சொல்கிறார்களே, அது என்ன? வாசலில் புள்ளிக் கோலம் போடும் நம் தாய்மார்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

கணினித் திரை முழுவதும் நுண்ணிய புள்ளிகள். எழுத்து, கோடு, பொத்தான் எல்லாமே அந்தப் புள்ளிகளை ஒளிரவிட்டுப் போட்ட கோலங்கள்தாம். குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்ற கணக்குத்தான் ரெசலூஷன். 'ஃபுல் எச்.டி.' என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080; பெருக்கினால் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். '2கே' என்று கடைகளில் சொல்வது பெரும்பாலும் 2560க்கு 1440. அது ஏறத்தாழ 37 லட்சம். '4கே' என்பது 3840க்கு 2160. ஏறத்தாழ 83 லட்சம். அதாவது ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக நான்கு மடங்கு.

இப்போது கோலத்துக்கு வருவோம். பெரிய வாசலில் இடம் விட்டுப் புள்ளி வைத்தால் கோலம் பெரிதாக வரும். அதே எண்ணிக்கைப் புள்ளிகளைச் சின்ன இடத்தில் நெருக்கி வைத்தால் கோலம் சுருங்கிவிடும். கணினியிலும் அப்படியேதான். ஒரு பொத்தானுக்கு 20 புள்ளி உயரம் என்று மென்பொருளில் எழுதி வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் அது ஐந்தரை மில்லிமீட்டர் உயரம் இருக்கும். 27 அங்குல 2கே திரையில் 4.7 மில்லிமீட்டர். 27 அங்குல 4கே திரையிலோ மூன்று மில்லிமீட்டர்தான்! பொத்தான் அதே பொத்தான். புள்ளிகள் நெருங்கியதால் சுருங்கிப் போயிற்று.

ஆகவே, 'எத்தனை புள்ளி?' என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. 'எத்தனை அங்குலத்தில் எத்தனை புள்ளி?' என்பதே முழுக் கேள்வி. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளி விழுகிறது என்று பார்த்தால், 24 அங்குல ஃபுல் எச்.டி.யில் 92, 27 அங்குல 2கேயில் 109, 32 அங்குல 4கேயில் 138, 27 அங்குல 4கேயில் 163. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்ய, எதையும் பெரிதாக்காமல் அப்படியே பார்க்க, 90 முதல் 110 வரை உள்ள திரைகள் பெரும்பாலோர் கண்ணுக்கு இதமாக இருக்கும். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும். கடையில் யாரும் உங்களை மயக்க முடியாது.

இசை மென்பொருளுக்கு மட்டும் என்ன தனிக் கவலை?

'கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் எந்தத் திரையும் போதுமே, பாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

எஃப்.எல். ஸ்டூடியோ, கியூபேஸ், ஏபில்டன் லைவ், ரீப்பர் போன்ற எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஒன்றைக் காண்பீர்கள். பாட்டின் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வரிசை உண்டு. பாடகர் குரல் ஒரு வரிசை, பின்குரல் ஒன்று, ஆர்மோனியம் ஒன்று, தபலா, தவில், நாதஸ்வரம், உறுமி, மணி என்று வளர்ந்து ஒரு பக்திப் பாடலிலேயே இருபது இருபத்தைந்து வரிசைகள் சேர்ந்துவிடும். இதற்குமேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர்ப் பலகை, சுரங்களை வரைந்து காட்டும் பலகை, ஒலிக்கு மெருகூட்டும் சின்னச் சின்னப் பெட்டிகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் திரையில் இடம் கேட்கும். பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒரே அறை இருந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான்!

ஒரு வரிசைக்கு 40 புள்ளி உயரம் வேண்டும் என்றும், மேலே உள்ள பட்டைகளுக்கு 200 புள்ளி போய்விடும் என்றும் வைத்துக் கணக்குப் பார்ப்போம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 1366க்கு 768 புள்ளிகள்தாம். அதில் 14 வரிசைதான் தெரியும். மீதியைப் பார்க்க மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபுல் எச்.டி.யில் 22 வரிசை தெரியும். 2கேயில் 31. 4கேயில் எதையும் பெரிதாக்காமல் விட்டால் 49 வரிசை தெரியும். ஆனால் படிக்கத்தான் முடியாது!

இங்கேதான் இக்கட்டு. இடம் நிறைய வேண்டும், எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சமநிலை காண்பதுதான் திரை தேர்ந்தெடுக்கும் வித்தை. பெரிய எண்ணைத் துரத்துவது வித்தையல்ல.

ஒரு பழைய செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கியூபேஸ் மென்பொருள் 1989இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தபோது அட்டாரி என்ற கணினியில்தான் ஓடிற்று. அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையில் 640க்கு 400, அதாவது 2 லட்சத்து 56 ஆயிரம் புள்ளிகளே இருந்தன. இன்றைய 4கேயில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் இசையமைப்பாளர்கள் பாட்டுக் கட்டினார்கள். திரை பெரிதானால் வேலை சுலபமாகும், பாட்டு இனிமையாகிவிடாது. பாட்டு இனிக்க வேண்டுமானால் காதும் கற்பனையும் பயிற்சியும் வேண்டும்.

பெரிதாக்கிப் பார்க்க வழி இல்லையா?

இருக்கிறது. கணினியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டிஸ்ப்ளே' என்ற இடத்தில் 'ஸ்கேல்' என்று ஒன்று உண்டு. அதை 150 விழுக்காடு என்று வைத்தால், 20 புள்ளியில் போட்ட பொத்தானைக் கணினி 30 புள்ளியில் போடும். நெருக்கமான புள்ளிகளில் போடுவதால் எழுத்து அச்சடித்ததுபோல் கூர்மையாகவும் இருக்கும். 4கே திரையின் உண்மையான நன்மை இந்தக் கூர்மைதான்.

ஆனால் கவனியுங்கள். 4கே திரையை 150 விழுக்காட்டில் வைத்தால் வேலை செய்யக் கிடைக்கும் இடம் 2கே திரையின் இடம்தான். 200 விழுக்காட்டில் வைத்தால் ஃபுல் எச்.டி.யின் இடம்தான். கூர்மை கூடும், இடம் கூடாது. 'இவ்வளவு பணம் கொடுத்தும் வரிசைகள் அத்தனையேதானா!' என்று பிறகு வருந்துவதைவிட, வாங்குமுன்னே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மென்பொருள் புதியதாக இருந்தால் சொன்னபடி வளரும். எஃப்.எல். ஸ்டூடியோவின் முகப்பு 2015இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து எந்த அளவுக்கும் வளரும்படி அமைந்திருக்கிறது. ஏபில்டன் லைவிலும் பெரிதாக்கிப் பார்க்கத் தனி வசதி உண்டு. ஆனால் அதற்குள் சேர்த்து ஓடும் 'பிளக்இன்' என்னும் துணைக் கருவிகளில் பழையவை பல வளர்வதில்லை. ஒன்று, கடுகு அளவிலேயே நிற்கும். அல்லது இழுத்துப் பெரிதாக்கிய பழைய புகைப்படம்போல் மங்கித் தெரியும். நம் பிள்ளைகள் இலவசமாகக் கிடைக்கும் பழைய துணைக் கருவிகளை அதிகம் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை அவர்களுக்குத்தான் அதிகம்.

எதைத்தான் வாங்குவது?

சிறிய அறை, சிறிய மேசை, சில ஆண்டுகள் பழகிய கணினி, முதல் முயற்சி என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையே போதும். விலையும் குறைவு, பழைய கணினியும் சிரமமின்றி ஓட்டும், எழுத்தும் கண்ணுக்குத் தெரியும். இதே ஃபுல் எச்.டி.யை 27 அங்குலத்தில் வாங்கினால் எழுத்து இன்னும் பெரிதாகத் தெரியும். பார்வை சற்றுக் குறைந்தவர்களுக்கு நல்லது. ஆனால் இடம் கூடாது. கிட்டே உட்கார்ந்தால் எழுத்தின் விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும்.

வேலையில் ஊன்றிவிட்டான், நாலு பேருக்குப் பாட்டுச் செய்து கொடுத்துச் சம்பாதிக்கவும் தொடங்கிவிட்டான் என்றால், 27 அங்குல 2கே திரையை வாங்கலாம். இடமும் உண்டு, எழுத்தும் தெரியும், பெரிதாக்கும் தொல்லையும் இல்லை. இசை வேலைக்கு மிகவும் ஒத்துப்போகும் அளவு இதுதான் என்பது என் கருத்து.

4கே வேண்டுமென்றே பிள்ளை பிடிவாதம் பிடித்தால், 32 அங்குலமாவது இருக்கட்டும். அதை 125 விழுக்காட்டில் வைத்தால் எழுத்து ஏறத்தாழ 27 அங்குல 2கேயில் தெரியும் அளவில் தெரியும். இடமும் அதைவிடக் கூடுதல். ஆனால் கணினியும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், மேசையும் ஆழமாக இருக்க வேண்டும்.

பணம் ஒன்றாகச் சேரவில்லையா? முதலில் ஒரு 24 அங்குலத் திரை. ஓராண்டு கழித்து அதே போல் இன்னொன்று. ஒன்றில் வரிசைகள், மற்றொன்றில் மிக்ஸர்ப் பலகை. கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டுவதுபோல இதுவும் ஒரு வழி. அதிகம் பார்க்கும் திரையை முகத்துக்கு நேராகவும் மற்றதைப் பக்கத்திலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

'வீட்டில் சும்மா கிடக்கும் தொலைக்காட்சியை மாட்டினால் என்ன?' என்றும் சிலர் கேட்கிறார்கள். 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றில் 1366க்கு 768 புள்ளிகளே. ஓர் அங்குலத்துக்கு 49 புள்ளிதான் விழும். தூரத்திலிருந்து படம் பார்க்கச் செய்த பெட்டி அது. கிட்டே உட்கார்ந்தால் எழுத்து உடைந்து தெரியும். அவசரத்துக்கு உதவும், அன்றாட வேலைக்கு ஆகாது.

கடைக்குப் போகுமுன்

முதலாவது, வீட்டு மேசையை அளந்து பாருங்கள். உட்காரும் இடத்திலிருந்து திரை வரை 50 முதல் 70 சென்டிமீட்டர், அதாவது ஒரு கை நீட்டும் தூரம் இருக்க வேண்டும். மேசை ஆழமில்லாவிட்டால் பெரிய திரை வேண்டாம்.

இரண்டாவது, கணினியின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். இது மிக முக்கியம். எச்.டி.எம்.ஐ. என்னும் துளையிலேயே பழையது புதியது உண்டு. பழைய 1.4 வகையில் 4கே திரையை மாட்டினால் படம் வினாடிக்கு 30 தடவைதான் மாறும். சுட்டியை நகர்த்தினால் அம்பு தயங்கித் தயங்கி ஓடும். 60 தடவை மாற வேண்டுமென்றால் 2.0 வகையோ அதற்குப் பிந்தியதோ கணினியிலும் திரையிலும் இருக்க வேண்டும். கம்பியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். "என் கணினியில் இது 60 ஹெர்ட்ஸில் ஓடுமா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

மூன்றாவது, கைப்பேசியில் பார்த்து வாங்குகிறவர்கள் விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். '4கே ஏற்கும்' என்று போட்டிருப்பதும் '4கே திரை' என்பதும் ஒன்றல்ல. 4கே படத்தை வாங்கிக்கொண்டு குறைந்த புள்ளிகளில் காட்டும் திரைகளும் விற்கின்றன. 'நேட்டிவ் ரெசலூஷன்' என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உண்மை எண்.

நான்காவது, கடைக்கு நேரில் போனால் நின்றுகொண்டு பார்க்காதீர்கள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட வேண்டும். ஓடும் வண்ணப் படத்தை நிறுத்தச் சொல்லி, சிறிய எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். முதுகை நாற்காலியில் சாய்த்தபடியே அந்த எழுத்தைப் படிக்க முடிகிறதா? முடிந்தால் சரி. முகத்தை முன்னால் நீட்டினால்தான் முடியும் என்றால், அந்தத் திரை வேண்டாம். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாங்கி வந்த பிறகு

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ இருக்கட்டும். உயரம் போதாவிட்டால் பழைய புத்தகக் கட்டுப் போதும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து பளிச்சிடாமல் பக்கவாட்டில் வரட்டும். ஒலிபெருக்கிகள் வைத்திருந்தால், இரண்டு பெட்டியும் பிள்ளையின் தலையும் சேர்ந்து சம பக்க முக்கோணமாக அமையட்டும். அகலமான திரை அந்தப் பெட்டிகளை மறைக்கவோ அளவுக்கு மீறி விலக்கவோ கூடாது. பாட்டுக்கு முதல் மரியாதை காதுக்குத்தான்!

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைந்துவிடுகிறது. அதனால் கண் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 வினாடி பார்ப்பது நல்ல பழக்கம். நமக்கென்ன குறை? ஜன்னலைத் திறந்தால் பச்சைப் பசேலென்று செம்பனை நிற்கிறது. இந்தக் களைப்பு பெரும்பாலும் ஓய்வில் தீர்ந்துவிடக் கூடியது. அப்படியும் தலைவலியோ மங்கலோ தொடர்ந்தால் திரையைக் குறை சொல்லிக்கொண்டிராமல் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

அன்று மாலை இருவருமாக உட்கார்ந்து முதலில் 'ஸ்கேல்' என்பதை 150 விழுக்காடு ஆக்கினோம். எழுத்து தெரிந்தது. ஆனால் அவன் நம்பியிருந்த ஆர்மோனியத் துணைக் கருவி பழையது. கடுகு அளவிலேயே நின்றது. அம்பும் தயங்கித் தயங்கித்தான் ஓடிற்று. மடிக்கணினி பழைய எச்.டி.எம்.ஐ. வகை. கடையில் கேட்டுப் பார்த்தான். திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் திரையை 1920க்கு 1080 என்று குறைத்து வைத்தோம். 3840க்குச் சரிபாதி 1920 அல்லவா? சற்றே மங்கல் இருந்தாலும் எழுத்தும் குமிழும் பெரிதாகத் தெரிந்தன. அம்பும் சீராக ஓடிற்று. பையன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். தந்தை முகத்திலும் தெளிவு வந்தது.

ஆனால் அவன் முகத்தில் தெளிவு வரவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்: "சார், அப்ப நான் சாதாரணத் திரையே வாங்கியிருக்கலாம். மிச்சப் பணத்துக்கு நல்ல மைக் ஒண்ணு வாங்கியிருக்கலாம். அம்மா சீட்டு எடுத்த காசு சார் அது."

நான் என்ன சொல்வேன்? 83 லட்சம் புள்ளிக்குப் பணம் கொடுத்துவிட்டு 20 லட்சம் புள்ளியில் வேலை செய்கிறான். "நாளைக்கு நல்ல கணினி வாங்குவாய். அப்போது இந்தத் திரை உனக்கு முழுதாகப் பயன்படும்" என்று ஆறுதல் சொன்னேன். அது பொய்யல்ல. ஆனால் அன்றைக்கு அவனுக்கு மைக் இல்லை என்பதும் பொய்யல்ல. கோயில் மைக்கை ஓர் இரவு இரவல் வாங்கி, மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, அம்மாவின் தங்கையைப் பாட வைத்துப் பதிவு செய்தான்.

திருவிழா அன்று சாமி புறப்படும்போது அந்தப் பாட்டு ஒலித்தது. உறுமி முழங்கியது. அவன் அம்மா அர்ச்சனைத் தட்டுடன் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் திரையும் தெரியாது, புள்ளியும் தெரியாது. மகன் கட்டிய பாட்டு என்று மட்டும் தெரியும்.

பெற்றோர்களே, பிள்ளை ஏதாவது வாங்க வேண்டுமென்று கேட்டால், 'வேண்டாம்' என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். கேட்டதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம். கூடவே கடைக்குப் போங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டால் என்ன? நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதுமே. தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய எண்ணைத் தேடாதீர்கள். உங்கள் கண்ணுக்கும் மேசைக்கும் கணினிக்கும் பொருந்துவதைத் தேடுங்கள். மிச்சமாகும் வெள்ளிக்கு ஒரு நல்ல மைக் வாங்குங்கள். உங்கள் பாட்டை ஊர் கேட்கக் காத்திருக்கிறது.